முசுடு என்று எனக்குப் பெயர்

காலை பதினொன்று பத்து. டீ இன்னும் வரவில்லையே என்று சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்ததால் நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. அப்போது வாக்கிடாக்கியில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். யாரோ பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசாமலே கையை எடுத்திருந்தார்கள். மூன்று நான்கு நொடி கழித்து இன்னொரு க்ளிக். அப்புறம் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் என் முன்னாலிருந்த திரையில் பதினான்கு என்ற எண் எரிந்து அணைந்தது. பதினான்காம் எண் கருவி யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மைக்கை எடுத்தேன். "பதினாலு, அது என்ன கிலுகிலுப்பையா? பேசறதுன்னா பேசு, இல்லைன்னா கீழ வை."

யார்டில் இருந்த எல்லாக் கருவிகளிலும் அது கேட்டிருக்கும். நாலாவது க்ளிக் வரவில்லை. நான் திருப்தியாக மைக்கை வைத்தேன். திருப்தியாக என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கன்ட்ரோல் ரூம் நாற்காலியில் புதிதாக உட்காரப்போகும் உங்களுக்கு, விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வந்துவிட்ட ஒருவன் இதை எழுதுகிறேன். எந்தப் பெட்டியை எந்த வரிசையில் அடுக்குவது, எந்த வண்டியை எந்த வாசலில் விடுவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. அந்த மூன்று க்ளிக்குகளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். சொல்லும்போது இப்போதும் என் வலது கை பொத்தானை அமுக்குவதுபோல் மடங்கிக்கொள்கிறது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, கையில் என்னத்தையாவது கொடுத்துவிடுவாள், வெங்காயமோ பேப்பரோ.

எங்கள் யார்டு திருவொற்றியூரிலிருந்து மணலி போகிற சாலையில் இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கும் சரக்குப் பெட்டிகள் அங்கே வந்து அடுக்கப்படும். சிலவற்றை அங்கேயே திறந்து மூட்டைகளை இறக்குவார்கள். அடுக்கின் நடுவே இரும்புப் படி ஏறிப் போனால் கன்ட்ரோல் ரூம். மூன்று பக்கம் கண்ணாடி, ஏசி. ஜன்னலைத் திறக்க முடியாதபடி ரப்பர் வைத்து அடைத்திருக்கும். பதினொரு வருடம் நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். கீழே இருக்கிறவர்களை நான் குரலாகவும் எண்ணாகவும்தான் அறிவேன். அவர்கள் என்னைக் குரலாக மட்டும்.

நான் முதலிலிருந்தே கடுகடுப்பான ஆள் இல்லை. இதைச் சொன்னால் யார்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வரை மைக்கில் நான்தான் பெரிய பேச்சுக்காரன். ஒரு நாள் ஒரு டிரெய்லர் டிரைவரிடம் அவர் பெண்ணின் பள்ளிக்கூட அட்மிஷன் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வாக்கிடாக்கியில் ஒருவர் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை மற்றவர் குரல் வராது. இது உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம்தான். நான் சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில், கீழே ஒருவர் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியிருக்கிறார். பெட்டி இறங்கிவிட்டது. பெட்டியை டிரெய்லரோடு பிணைக்கும் பூட்டை மாட்ட நின்றவருக்கு மூன்று விரல்கள் போயின.

அன்று என்னைவிட மூத்தவர் ஒருவர் ஷிப்டு மாற வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "மைக்குல சிரிக்காதே" என்றார். அவ்வளவுதான். அவர் யாரிடமும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்றிலிருந்து நான் அவரைப் போலவே ஆனேன். ஒரு வார்த்தை, எண், வரிசை, முடிந்தது. சட்டங்களும் போட்டேன். நான் ஒரு எண்ணைக் கூப்பிட்டால் அந்த எண்தான் பேச வேண்டும். நடுவில் வேறு யாரும் வரக் கூடாது. கதை சொல்லக் கூடாது. மீறினால் எல்லோரும் கேட்கத் திட்டுவேன். அதன்பிறகு என் ஷிப்டில் ஒரு கீறல் கூட விழவில்லை என்று மேலே இருப்பவர்கள் பாராட்டினார்கள். நானும் அதை என் கடுமைக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த மூத்தவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கருவியில் வெறும் க்ளிக் கேட்டாலே போதும், "சொல்லு, கேக்கறேன்" என்பார். க்ளிக் என்றால் யாரோ சொல்ல வந்து தயங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவரிடமிருந்து சிரிக்காத முகத்தை எடுத்துக்கொண்டேன். இதை விட்டுவிட்டேன்.

இப்போது செல்வி. வியாசர்பாடிக்காரர். முப்பத்து நான்கு வயது, இரண்டு குழந்தைகள். திறக்கிற பெட்டியின் வாசலில் நின்று இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலைக்கு வந்தார். பதினான்காம் எண் அவருடையது. சேர்ந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஏதோ கேஸ் வாசன வருது சார்."

மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் புதிதாக வருகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள். "மணலிக் காத்தும்மா. பழகிடும்" என்றேன். மறுநாள் மறுபடியும் சொன்னார். "மீன் அழுகின மாதிரி கீது சார்." நான், "காசிமேடு மீன் மார்க்கெட் பக்கத்துல இருக்கு. மல்லிப்பூ மணக்குமா?" என்றேன். கருவியில் யாரோ சிரித்தது கேட்டது. அந்த வாரக் கடைசியில் மூன்றாவது முறை அவர் "சார், வாசன..." என்று ஆரம்பித்தபோது நான் முடிக்க விடவில்லை.

"அம்மா, நாளையிலேருந்து உன் மூக்கைக் கழட்டி கேட்டுல குடுத்துட்டு உள்ள வா. போம்போது வாங்கிக்க."

யார்டே சிரித்தது. மறுநாளிலிருந்து அவருக்கு 'மூக்கு' என்று பெயராகிவிட்டது. நாசுக்காகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமை. அதற்குப் பிறகு செல்வி வாசனையைப் பற்றிப் பேசவே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

பதினொன்று பதினாலு. பெட்டி தூக்கும் வண்டி ஓட்டும் பாபு கூப்பிட்டான். ராயபுரத்துக்காரன். சாதாரணமாக வம்பு பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவன், என்னிடம் மட்டும் எண்ணைச் சொல்லி அளந்து பேசுவான். அன்று எண் எதுவும் சொல்லவில்லை.

"சார்! பதினேழாவது லைனாண்ட செல்வியக்கா கீய வுழுந்துகினு கீது சார். கூப்ட்டா எய்ந்திரிக்கல."

"வெயிலா?"

"தெர்ல சார். இங்க இன்னாமோ வாசன வருது. பூண்டு அரைச்சு, அதுல அழுகுன மீன போட்ட மாரி."

பதினேழாம் வரிசையில் வெளிநாட்டுக் கொண்டைக்கடலைப் பெட்டி. தானியம் வரும் பெட்டிகளில் வண்டு வராமலிருக்கப் புகைமருந்து போடுவார்கள். கதவைப் பல மணி நேரம் திறந்துபோட்டுக் காற்றாட விட்ட பிறகுதான் ஆள் போக வேண்டும். அதற்கான எச்சரிக்கைத் தாள் கதவில் ஒட்டியிருக்கும். இந்தப் பெட்டியில் தாள் இல்லை. எங்கே உரிந்தது, யார் கவனிக்கவில்லை என்பதையெல்லாம் பிறகு விசாரித்தார்கள். அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது அது அந்தப் புகைமருந்தின் வாசனை என்பது மட்டும்தான்.

"பாபு, மூச்சைப் பிடிச்சுக்கோ. அக்காவைத் தூக்கு. காத்து எங்கேருந்து வருது?"

"கடல் பக்கம்."

"கடல் பக்கமே ஓடு. பெட்டிகிட்ட நிக்காத."

அவன் ஓடுகிற சத்தமும் மூச்சும் கேட்டன. பிறகு, "தள்ளி வந்துட்டேன் சார். மூச்சு கீது. நுரை வருது." அடுத்து அவன் சொன்னதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. "சார், பொட்டி கதவு சாத்திகீது. காலைல ரெண்டு ஆளு உள்ள மூட்டை எறக்கிகினு இருந்தானுங்கோ. காணோம் சார். போய்த் தொறக்கவா?"

மூட்டை இறக்கும் இருவரும் உள்ளேயா, வெளியேயா?

உள்ளே இருந்தால் ஒவ்வொரு நொடியும் அவர்களுடையது. வெளியே இருந்தால், கதவைத் திறக்கிற பாபு நேராக அந்தப் புகையின் முகத்தில் போய் நிற்பான். இந்த மாதிரி இடங்களில் காப்பாற்றப் போகிறவன்தான் இரண்டாவதாக விழுவான், அவனைக் காப்பாற்றப் போகிறவன் மூன்றாவதாக. விடை தெரிந்த ஒரே ஆள் செல்வி. நாலு நிமிஷம் முன்னால் மூன்று முறை பொத்தானை அமுக்கியவர்.

"கதவைத் தொடாதே" என்றேன். உள்ளே இரண்டு பேர் இருந்தால், அந்த இரண்டு சொற்களால் அவர்களை நானே பூட்டிவிட்டேன்.

"பதினேழாம் வரிசை ஆட்கள் எங்க இருக்காங்க? யார் பார்த்தீங்க?"

ஒன்றுமில்லை.

"பதினேழுல மூட்டை இறக்கினவங்க எங்க?"

ஒரு க்ளிக். அணைந்துவிட்டது. இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு க்ளிக். அதுவும் அணைந்தது. யார்டு முழுக்க என் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. யாரோ பொத்தானில் விரல் வைத்து யோசிக்கிறார்கள். பேசலாமா, என்னையா கூப்பிட்டான், நடுவில் வந்தால் திட்டுவானா என்று. ஒன்பது வருடமாக நான் கட்டி வைத்த ஒழுங்கு அப்படியே கச்சிதமாக வேலை செய்துகொண்டிருந்தது.

பாபு கத்தினான். "சார், எதுனா சொல்லு சார்! நான் போறேன்!"

"போகாத!" என்றேன். அப்புறம் என்ன குரல் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "எல்லாரும் கேளுங்க. யாரா இருந்தாலும் பேசுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல. நான் திட்ட மாட்டேன். தயவு செஞ்சு பேசுங்கப்பா."

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு நொடி.

"சார்... கேட்டு துலுக்காணம் பேசறேன் சார்." வாசல் காவலாளி. அறுபது வயதுக்காரர். "அந்த ரெண்டு பேரும் இங்க டீக்கடையிலதான் குந்திகினு கீறானுங்கோ. ஒர்த்தன் வாந்தி எடுத்துகினு கீறான்."

"எப்போலேருந்து?"

"அது ஆச்சு சார், ஒரு அஞ்சு நிமிசம். அந்தப் பொண்ணுதான் அனுப்சுதாம்."

நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது, யார்டை நிறுத்தியது, எல்லோரையும் கடல் பக்க மதிலுக்கு அனுப்பியது, எல்லாம் என் கை செய்தது. தலைக்குள் ஒன்றுமில்லை.

அன்று நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டோம். மூட்டை இறக்கியவர்களில் ஒருவர், "யக்கா, தல சுத்துது, மார அட்ச்சுக்குது" என்றிருக்கிறார். செல்விக்கும் வாசனை தட்டியிருக்கிறது. இருவரையும் உடனே வெளியே போகச் சொல்லிவிட்டார். என்னிடம் சொல்லப் பொத்தானை அமுக்கினார். பேச வாய் வரவில்லை. மறுபடி அமுக்கினார். மூன்றாவது முறை அமுக்கியபோது நான் கிலுகிலுப்பை என்றேன். கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, வேறு யாரும் தெரியாமல் உள்ளே போய்விடக் கூடாது என்று, அந்தக் கனமான இரண்டு கதவுகளையும் தானே தள்ளிச் சாத்தியிருக்கிறார். சாத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சுவாசித்த புகைதான் அவ்வளவும்.

அவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. அனுப்ப வேண்டியவர்களை அனுப்பினார், மூட வேண்டியதை மூடினார். செய்யாதது ஒன்றுதான், என்னிடம் பேசுவது. அந்தப் புகையைவிட என் குரல் அவருக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் ஒரு நிமிஷம் இதை யோசித்துப் பாருங்கள். நான் ஒரு வருடமாக யோசிக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் அவரைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, எதுவும் இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராந்தா பெஞ்சில் நானும் பாபுவும். இரண்டு மணிக்குச் செல்வியின் கணவர் வந்தார். எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் லாரி ஓட்டுகிறவர். சட்டை, கை, புருவம் எல்லாம் சாம்பல். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இன்னா சார் சொல்றாங்க? பொழச்சுக்குமா?"

"பார்த்துக்கிட்டிருக்காங்க."

"காலைல சிரிச்சுகினுதான் சார் போச்சு. இன்னிக்கு அந்த முசுடு வாயில வுயாம வேலய முட்ச்சுட்டு வந்துட்டா உங்களுக்கு மீன் கொயம்புன்னு புள்ளைங்க கைல சொல்லிச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாரு சார் அந்த முசுடு? ஆபீசரா?"

பாபு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருடம் மற்றவர்கள் வாயை அடைத்தவனுக்கு அன்று, நான்தான் என்று ஒரு சொல் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே டீ குடிக்கப் போனோம். பாபு கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினான். "உனுக்கு அந்தப் பேரு வெச்சது யாரு தெரியுமா சார்? நான்தான்."

"பேர் இருக்கறது தெரியும்" என்றேன். "ஏன்னு தெரியாது."

"கன்ட்ரோல் ரூம் படிக்குக் கீய ஒரு பூவரச மரம் கீதுல்ல? யார்டுலயே நெழலுன்னா அது ஒண்ணுதான். மே மாசத்துல கூட அத்தாண்ட யாருனா நின்னு பாத்துகிறியா?"

பார்த்ததில்லை. மேலிருந்து தினமும் பார்க்கிற மரம்தான். அதன் கீழே ஒருவரும் நின்றதில்லை என்பது அவன் சொன்னபோதுதான் உறைத்தது.

"செவப்பு எறும்பு சார். முசுறு. இலைய மட்ச்சுத் தெச்சுக் கூடு கட்டிகினு கீது. ஒரு கிளைய தொட்டா அவ்ளோதான், கட்ச்சா வுடாது. நல்ல நெழலுதான். ஆனா நிக்க முடியாது. நீயும் நல்ல ஆளுதான் சார், யாருக்கும் அடிபடக் கூடாதுன்னுதான் கத்துற, அது எல்லாருக்கும் தெரியும்." கிளாஸிலிருந்த மிச்சத்தைத் தரையில் கொட்டினான். "ஆனா நிக்க முடியல."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலு மணிக்கு என் மகளுக்கு போன் செய்தேன். கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். என்னிடம் எதுவும் நேராகச் சொல்ல மாட்டாள். வாட்ஸ்அப்பில் 'டைப் செய்கிறார்' என்று வரும், மறையும், திரும்ப வரும், கடைசியில் 'ஓகேப்பா' என்று ஒரு சொல் விழும். அவளாக எனக்கு ஒருபோதும் போன் செய்ததில்லை. நானும் அவளுக்கு நாலு மணிக்கு போன் செய்கிற ஆளில்லை.

"என்னப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?" என்று பதறினாள்.

"ஒண்ணும் இல்லைம்மா. முசுடுன்னா என்ன அர்த்தம்?"

"யாராவது திட்டிட்டாங்களாப்பா?"

"அகராதியில பார்த்துச் சொல்லு."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. வகுப்பு முடிந்து நூலகத்தில் இருந்திருக்கிறாள். "சிடுசிடுப்பான ஆள்னு போட்டிருக்குப்பா. அப்புறம் எறும்புன்னும் இருக்கு. முசுறு, முசிறு, முசுடு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எறும்புதான்னு எங்க மேடம் ஒரு தடவை சொன்னாங்க. எறும்பு முதல்ல வந்து, அதைப் பார்த்து மனுஷனுக்கு வெச்சிருப்பாங்கன்னு. வேற மாதிரி சொல்றவங்களும் இருக்காங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "எங்களுக்கு அகராதி பாக்காமலே தெரியும்ப்பா" என்று சிரித்தாள்.

அறிஞர்கள் எப்படிச் சொன்னாலும் எனக்கு அந்த எறும்பே போதும். அது கடிப்பது கெட்ட எண்ணத்தில் இல்லை. தைத்த கூட்டையும் உள்ளே இருக்கிற குஞ்சுகளையும் காப்பாற்றத்தான் கடிக்கிறது. ஆனால் கிளையைத் தொட்ட கை கூட்டைப் பிய்க்க வந்த கையா, கீழே தீப்பிடித்திருக்கிறது என்று சொல்ல வந்த கையா என்று அதற்குத் தெரியாது. தொட்டால் கடிக்கும். நானும் அப்படித்தான். மூன்று விரல்கள் போன அன்று நான் தைத்துக்கொண்ட கூடு அது. உள்ளே எல்லோரையும் வைத்துக் காக்கிறேன் என்று நினைத்தேன். உள்ளே யாரும் வரவே இல்லை.

அந்த போனை நான் அப்படியே வைத்திருக்கலாம். என்னவோ கேட்டுவிட்டேன். "நீ என்கிட்ட சொல்லாம விட்டது ஏதாவது இருக்காம்மா? திட்ட மாட்டேன்."

அன்று நான் அந்தச் சொற்களைச் சொன்னது இரண்டாவது முறை. ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. நான் காத்திருந்தேன். காத்திருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு அன்று காலைதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"பத்து நாள் முன்னாடி ஸ்கூட்டில விழுந்துட்டேன்ப்பா. எண்ணூர் ரோட்ல. டேங்கர் லாரி உரசிட்டுப் போயிடுச்சு. பின் சக்கரம் என் துப்பட்டா மேல ஏறிச்சு. கழட்டி விட்டுட்டேன். முட்டில நாலு தையல். அம்மாவுக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவீங்க, கத்துவீங்கன்னு..."

பத்து நாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். காலை நீட்டியே உட்கார்ந்தாள், நேராக உட்காரக் கூடாதா என்று அதற்கும் ஒருமுறை கடிந்திருக்கிறேன். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "சார், உக்காருங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் கேட்ட அளவுக்குக்கூட நான் என் வீட்டில் கேட்டதில்லை.

செல்வி மூன்றாம் நாள் கண் திறந்தார். பதினாலு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கணவரிடம் நான் யாரென்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தாலும் சரிதான். "நீயா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். துலுக்காணத்திடமும் போய்க் கேட்டேன், ஏன் உடனே சொல்லவில்லை என்று. "நீ கேட்டுன்னு சொல்லிக் கூப்பிடலியே சார்" என்றார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, சட்டம் தெரிந்தவர் சொல்கிற குரலில்.

விசாரணையில் என் பெயரில் தவறு எதுவும் எழுதப்படவில்லை. கதவைத் தொடாதே என்று சொன்னது சரியான முடிவு என்று பாராட்டினார்கள். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். க்ளிக்குகளை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. நானே வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கோப்பில் கடைசியாக வைத்துத் தைத்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு க்ளிக்குக்கும் "சொல்லு, கேக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். முதல் வாரம் யாரும் பேசவில்லை. ஏதோ பொறி வைக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாம் வாரம் ஒருவர், "ஒண்ணும் இல்ல சார், கை பட்டுடுச்சு" என்றார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. குரலை மாற்றிக்கொள்வது ஒரு நாள் வேலை. நம்மைப் பார்த்து மற்றவர்கள் பழகிய பயத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. உங்களில் யாராவது, கொஞ்சம் கண்டிப்பாக இருந்துவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தால், அப்படி ஒரு பிறகு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்திலும் என் பங்கு ஒன்றுமில்லை. அது செல்வி சாத்திய கதவு.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பத்து மணி இருக்கும். இரும்புப் படியில் யாரோ ஏறி வரும் சத்தம். டீ கொண்டுவருபவரைத் தவிர அந்தப் படியில் யாரும் ஏறியதில்லை. மெதுவான காலடி, நடுநடுவே நின்று மூச்சு வாங்குகிற காலடி. கதவு திறந்தது. வெளிக்காற்றும் கூடவே வந்தது. செல்வி. இளைத்திருந்தார். பதினான்காம் எண் கருவி இடுப்பில் மாட்டியிருந்தது. நான் எழுந்து நின்றேன், அவர் முகத்தை அவ்வளவு அருகில் பார்த்தது அதுவே முதல் தடவை.

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்று இருந்தது. இரண்டு மாதமாகத் தயாரித்தது. "செல்வி..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இடுப்பிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

"சார், வாசன வருது சார்" என்றார். "மைக்ல சொல்ல மாட்டேன். நீயே எறங்கி வந்து மோந்து பாரு."